நாரை பனியை விட்ட நாள்

நாரை ஆட்டத்தை விட்டுவிட்டாள் என்ற செய்தி வந்தபோது, அண்ணி ஒரு மேல்தாடைக்கு முன்பற்களை மெழுகில் நட்டுக்கொண்டிருந்தாள். முன்பல் நடும்போது மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட வேண்டும். கடைவாய்ப் பல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மெல்லுகிற வேலை நடந்துவிடும். முன்பல் ஒரு மயிரிழை தள்ளிப்போனால் முகமே வேறு யாருடையதோ ஆகிவிடும். அதனால் மேசை மேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து, மெழுகுக் கரண்டியில் முட்டி நின்றபோதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அது பல் செட் செய்யும் பட்டறை. சுவரோரத் தட்டுகளில் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு, முகமில்லாத ஒரு கூட்டம் நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலிருக்கும். பழகிவிட்டால் ஒன்றுமில்லை. அங்கே எல்லோருமே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய நாத்தனார், அதாவது கணவனின் தங்கை, பட்டறை போனுக்கு அடித்து "அண்ணி இருக்காங்களா?" என்று கேட்பாள். முதலாளி உள்ளே பார்த்து, "அண்ணிக்கு போன்" என்று குரல் கொடுப்பார். அவரைவிட இவள் வயதில் சின்னவள். இருந்தும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் கல்யாணம் கோர்ட்டில் முடிந்துபோனது. பெயர் மட்டும் முடியவில்லை.

மெருகு போடும் பெண்தான் முதலில் வீடியோவைப் பார்த்தாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "அண்ணி, கையில இருக்கறதைக் கீழ வெச்சிட்டு இங்க வாங்க" என்றாள். அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நாரை என்பது ஒரு ஸ்கேட்டிங்காரியின் செல்லப்பெயர். பனித்தளத்தில் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலைப் பின்னால் தூக்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு அவள் வழுக்கிப் போகும் அழகைப் பார்த்து யாரோ வைத்தது. மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும்போதும் பழக்கதோஷத்தில் ஒற்றைக் காலில்தான் நிற்பாள். நாட்டுக்கே செல்லம். வருகிற சனிக்கிழமை பெரிய போட்டி. அதற்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது என்னும்போது இந்த வீடியோ.

அதில் நாரை சமையலறை நாற்காலியில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு நாய் குறுக்கே போனது. "காலைல எழுந்தேன். ஐஸுக்குப் போகணும்னு தோணல. நேத்தும் தோணல. முழங்காலும் வேண்டாங்குது. அதனால சனிக்கிழமை நான் வரல. இனிமேலும் வரல. எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்றாள். பிறகு கேமராவுக்கு அந்தப் பக்கம் இருந்த யாரையோ பார்த்து "போதுமா?" என்று கேட்டாள். அத்தோடு படம் நின்றுவிட்டது.

அந்த "போதுமா"தான் அன்று எல்லோரையும் ஆட்டி வைத்தது. ரசிகர்களின் போன் குழு ஒன்று உண்டு. அதற்கு நாரைக் கூட்டம் என்று பெயர். யாரைப் பார்த்துக் கேட்டாள், யார் அவளைச் சொல்ல வைத்தார்கள், பயிற்சியாளரா, மாமியாரா என்று ஆளாளுக்குத் துப்பறிய ஆரம்பித்தார்கள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று ஒருவர் நினைவுபடுத்திய பிறகுதான் மாமியாரை விட்டார்கள். நாற்காலி அவள் வீட்டு நாற்காலியே இல்லை, ஆகவே வீடியோவே பொய் என்றார் ஒருவர். ஒரு நர்ஸ், "பாவம், இனிமேலாவது அந்த முட்டிக்கு ஓய்வு கிடைக்கட்டும்" என்று எழுதிவிட்டு, எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கறிக்கடைக்காரர் ஒன்றும் எழுதவில்லை. கடையின் கதவில் "இன்று மனசு சரியில்லை" என்று அட்டை தொங்கவிட்டு, அதைப் படமெடுத்துப் போட்டார்.

கூட்டத்துக்குத் தலைவர் தெருமுனை மருந்துக்கடைக்காரர். இருமல் மருந்துப் புட்டிகளுக்கு நடுவே நாரையின் படத்தை மாட்டி வைத்திருப்பவர். அவர் நீளமாக எழுதினார். நாரையை முடிவை மாற்றச் சொல்லி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கீழே இன்னொன்றும் சேர்த்தார்: பஸ் ஓட்டுகிற நம் தங்கச்சிக்கு வேலை முடிகிறவரை யாரும் இதைச் சொல்லிவிடாதீர்கள், வண்டியில் ஜனங்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தங்கச்சிதான் அண்ணியின் நாத்தனார். முன்னொரு தடவை, நாரை தங்கம் வாங்கிய சேதியை ஒரு பயணி சொல்லக் கேட்டு, சந்தோஷத்தில் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். இறங்க வேண்டியவர்கள் கத்தியதைக் கேட்டு, அவர்களும் நாரைக்காகத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்துக் கையை வேறு ஆட்டினாளாம். டிப்போவில் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அண்ணி போனை மேசையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மணி அடிக்கும் என்று காத்திருந்தாள். நாத்தனாருக்கு இன்னும் தெரியாது என்று அறிந்தும் காத்திருந்தாள். மனசு அப்படித்தான், அதற்கு ஷிப்ட் நேரமெல்லாம் புரியாது.

ஏன் அந்த ஒரு மணிக்காக அவள் அப்படித் தவித்தாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

அண்ணிக்கு நாரை ஆடுவதை நேராகப் பார்க்கத் தைரியம் கிடையாது. கல்யாணமாகி ஒரே வீட்டில் இருந்த காலத்திலேயே, நாரை எகிறப் போகிறாள் என்றால் இவள் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். நாத்தனார் கூடத்திலிருந்து சொல்லுவாள். பிறகு இவள் தனி வீட்டுக்கு வந்தபோது அந்த வேலை போனுக்கு மாறியது. அதில் ஒரு வசதியும் இருந்தது. நாத்தனார் வீட்டு டிவியில் படம் முன்னால் வரும். இவள் வீட்டில் இன்டர்நெட் வழியாக வருவதால், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் பிந்தித்தான் வரும். நாரை எகிறுவதை அங்கே நாத்தனார் முதலில் பார்ப்பாள். ஒழுங்காகக் கால் ஊன்றிவிட்டால், "பாருங்க" என்பாள். இவள் சட்டென்று திரும்பி, இங்கே நாரை அப்போதுதான் எகிறி அழகாக இறங்குவதைக் கண்குளிரப் பார்ப்பாள். விழுந்துவிட்டால் நாத்தனார் அதைச் சொல்ல மாட்டாள். "தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்பாள். இவளும் போய்க் குடித்துவிட்டு வருவாள். நாரை தோற்ற மறுநாள் பேப்பர் பக்கமே தலை வைக்க மாட்டாள். ஆக, இத்தனை வருஷத்தில் அண்ணி நாரை விழுந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கோர்ட்டில் தீர்ப்பு வந்த அன்று சாயங்காலமும் ஒரு போட்டி இருந்தது. இனி இந்தப் போன் அடிக்காது என்றுதான் அண்ணி நினைத்தாள். அடித்தது. எடுத்ததும் அந்தப் பக்கம், "ஆரம்பிச்சாச்சு" என்ற குரல். அண்ணி என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. அன்று நாரை ஆடி முடிக்கும்வரை இருவரும் நாரையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை. அவனைப் பற்றிப் பேசக் கூடாது, அவன் புதிதாகக் கட்டிக்கொண்டவளைப் பற்றிக் கூடாது, உடம்பு எப்படி, வேலை எப்படி என்றும் கூடாது. பேச்சு அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தாலும் யாராவது ஒருத்தி, "அடுத்து யார் வர்றா?" என்று கேட்டுவிடுவாள். நாத்தனார் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். ஸ்கேட்டிங் பேச்சுக்கு அந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. இப்படி ஒரு நூல் இருந்தது, போட்டிக்குப் போட்டி நீண்டுகொண்டு.

இப்போது நாரையே இல்லை என்றால் எதைச் சாக்கு வைத்து அந்தப் போன் அடிக்கும்? அண்ணிக்கு நாரை போன துக்கம் ஒரு பங்கு என்றால், இந்தப் பயம் மூன்று பங்கு.

முதலாளி வந்து அவள் நட்ட பற்களைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். அவள் மேசைக்கு மேலேயும் நாரையின் சிரித்த படம் ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு அது ரசிகப் படம், அவளுக்குத் தொழில் படமும்கூட. முன்பல் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு அதைத்தான் காட்டுவாள். "கை வெச்சுச் செஞ்ச பல்லுல இந்தக் களை வருமா? அது பிறவியிலயே வரணும்" என்பாள். முதலாளி படத்தையும் பார்த்தார், மெழுகையும் பார்த்தார்.

"அண்ணி, இன்னைக்கு நீங்க நட்டது எல்லாம் அழுவற மாதிரி இருக்கு. யாரோ பாவம், காசு குடுத்து இதை வாயில மாட்டிக்கணும். நீங்க கிளம்புங்க."

வெளியே வந்தவளை மருந்துக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அனுஷ்டிக்கும் துக்கத்துக்கு நடுவிலும் மாத்திரை விற்றுக்கொண்டிருந்தார். குனிந்து உள்ளே போனவர்கள் குனிந்தே வாங்கிக்கொண்டு வந்தார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார். அண்ணி யோசித்துவிட்டு, வேண்டாம் என்றாள். எழுந்ததும் போகத் தோன்றவில்லை என்று ஒரு பெண் சொல்லும்போது, தோன்றத்தான் வேண்டும் என்று நாம் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றாள். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு, தங்கச்சிக்கு வேலை முடியும் நேரம் நெருங்குகிறது, யார் சொல்வது என்று கேட்டார்.

"நீங்கதானே அண்ணி, நீங்கதான் சொல்லணும்."

"முன்னாள் அண்ணிங்க."

"அதென்னம்மா, முன்னாள் சாம்பியன் மாதிரி? சாம்பியனாவது ஆட்டத்தை விட்டா முன்னாள். நீங்க எப்போ விட்டீங்க?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு யாருக்கோ தைலம் எடுத்துக் கொடுக்கத் திரும்பிவிட்டார். அண்ணி அரை ஷட்டருக்குக் கீழே குனிந்து தெருவுக்கு வந்தாள். வீட்டுப் பக்கம் போக வேண்டிய கால் டிப்போ பக்கம் திரும்பியது.

இத்தனை நாளும் முதலில் பார்ப்பவள் நாத்தனார், பிறகு பார்ப்பவள் இவள். முன்கூட்டி அறிந்துகொண்டு அடுத்தவருக்குச் சொல்வது எவ்வளவு பெரிய பாரம் என்று நடக்கும்போதுதான் தெரிந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று வழிநெடுக ஒத்திகை பார்த்தாள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதைப் போனில் சொல்லிவிட்டு வைத்தால், வைத்த பிறகு என்ன என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. கோர்ட் வாசலில் பார்த்துக்கொண்டதற்குப் பிறகு இருவரும் நேரில் சந்தித்ததே கிடையாது.

டிப்போவில் டீசல் வாடையும் கழுவிய தண்ணீரின் ஈரமும் கலந்திருந்தன. ஓரமாக ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சற்று நேரத்தில் நாத்தனாரின் வண்டி உள்ளே வந்தது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. முன்பு கருகருவென்றிருந்த தலை, காதோரம் எல்லாம் வெளுத்திருந்தது. குரலுக்கு நரைக்காது, அதனால் போனில் தெரியவில்லை.

நாத்தனார் இவளைப் பார்த்துவிட்டாள். பார்த்தும் இறங்கவில்லை. பிரேக்கை இழுத்து நிறுத்தினாள். கண்ணாடிகளைத் துடைத்தாள். பிறகு எழுந்து, வண்டிக்குள் ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே கடைசிவரை போனாள். யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்ப்பது ஓட்டுநரின் கடமைதான். ஆனால் அகப்பட்ட ஒரு குடைக்காக அவ்வளவு நேரம் யாரும் தேட மாட்டார்கள். அந்தக் குடையைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் கதவைத் திறந்தாள். படியிலேயே நின்றாள்.

அண்ணி ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போயிற்று. "நாரை..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்."

"எப்போ?"

"ரெண்டாவது டிரிப்லயே. ஒரு காலேஜ் பொண்ணு ஏறும்போதே அழுதுட்டு ஏறுச்சு. கேட்டேன், சொல்லிடுச்சு."

மருந்துக்கடைக்காரரின் கட்டுக்காவல் அவ்வளவுதான் தாங்கியது. ஆனால் பஸ் ஒரு நிறுத்தத்தையும் தாண்டவில்லையாம். சரியாக நின்று, சரியாக எடுத்து, நாள் முழுக்க ஓட்டியிருக்கிறாள்.

"தெரிஞ்சும் ஏன் போன் பண்ணல?" என்று அண்ணி கேட்டாள். கேட்ட பிறகுதான் அதில் எவ்வளவு தாபம் இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

நாத்தனார் குடையை விரித்தாள், மடக்கினாள். "பண்ணா, அதுதான் கடைசி போனா ஆயிடும். பண்ணாம இருந்தா இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கற மாதிரி இருக்கும். அதான்" என்றாள். பிறகு மெல்ல, "அண்ணி" என்று சேர்த்துக்கொண்டாள்.

அண்ணி தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். அழுதால் டிப்போவே வேடிக்கை பார்க்கும். சமாளித்துக்கொண்டு, "வீட்டுக்கு வா" என்றாள்.

"எதுக்கு?"

எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? போட்டி இல்லை, நாரை இல்லை. அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு காரணமும் கிடைக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "அவ விழுந்ததை எல்லாம் எனக்குக் காட்டு. நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்லை."

நாத்தனார் அவளை உற்றுப் பார்த்தாள். நடக்கிற காரியமா என்று எடை போடுகிற பார்வை. பிறகு குடையை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அண்ணியின் வீடு மாடியில், ஒரு கூடமும் சமையலறையும் படுக்கையறையும் கொண்ட சின்ன வீடு. நாத்தனார் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதையும் தொடவில்லை. சமையலறை வாசலில் மட்டும் நின்றுவிட்டாள். சுவரில், ஆள் நின்றால் நெற்றி படும் உயரத்தில், வட்டமாக எண்ணெய்ப் பிசுக்கு.

"இங்கேயும் சுவர்தானா?"

"துடைச்சாலும் போகல. எத்தனை தடவை முட்டியிருக்கேன்."

"அங்கிருந்து பேசும்போது நீங்க எங்கேயோ சௌகரியமா உட்கார்ந்திருக்கீங்கன்னு நினைச்சேன்."

"சௌகரியமா உட்கார்ந்து யாராவது பயப்படுவாங்களா?"

நாத்தனார் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது. அண்ணி டீ போட்டாள். எவ்வளவு சர்க்கரை என்று கேட்கவில்லை, கை தானாகவே போட்டது.

பிறகு டிவியில் பழைய ஆட்டங்களைத் தேடி எடுத்தார்கள். நாத்தனாருக்கு எந்தப் போட்டியில் எங்கே விழுந்தாள் என்பது அத்துப்படி. பாவம், அத்தனையையும் தனியாகப் பார்த்துச் சுமந்தவள். முதல் விழுகை வந்தபோது அண்ணி பாதி எழுந்துவிட்டாள். நாத்தனார் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இங்கேயே இருங்க. இது பழசு. அவ எழுந்து போய் வருஷக்கணக்காச்சு."

நாரை எகிறினாள், சுழன்றாள், இடுப்பு அடிபட விழுந்தாள். பனி சிதறியது. அரங்கம் முழுக்க "ஓ" என்றது.

"இந்தச் சத்தம்தான்" என்றாள் அண்ணி.

"எந்தச் சத்தம்?"

"இந்த 'ஓ'. போன்ல கேட்கும். நீ தண்ணி குடிக்கச் சொல்றதுக்கு முன்னாடியே கேட்டுடும்."

நாத்தனார் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "அப்போ விழுந்தது தெரிஞ்சே போய்த் தண்ணி குடிச்சீங்களா? இத்தனை வருஷமாவா?"

"நீ போகச் சொன்னியே. எனக்காக ஒருத்தி அவ்வளவு சிரமப்படும்போது, போகாம இருந்தா நல்லா இருக்குமா?"

நாத்தனார் டீயை எடுத்துக் குடித்தாள். அது ஏற்கெனவே காலியாக இருந்தது.

விழுகைகளைப் பார்க்கப் பார்க்க அண்ணிக்குப் பயம் விட்டுப்போனது. நாரை எப்படி எழுந்திருக்கிறாள் என்பதில் கண் போயிற்று. ஒரு கையை ஊன்றுவாள். எழுந்ததும் நடுவர்களைப் பார்க்க மாட்டாள், கூட்டத்தையும் பார்க்க மாட்டாள். சேட்டை பண்ணிய பிள்ளையை அதட்டுகிற மாதிரி தன் காலை ஒரு பார்வை பார்ப்பாள். அவ்வளவுதான், இசையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவாள். இதை இவ்வளவு நாள் தவறவிட்டோமே என்றிருந்தது அண்ணிக்கு. எகிறி இறங்குவதைவிட இது அழகாக இருந்தது.

பழைய போட்டி ஒன்று வந்தது. நாரை அப்போது சின்னப் பெண். இந்த முறை முன்பக்கமாகக் குப்புற விழுந்தாள், முகவாய் பனியில் மோதியது. எழுந்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே ஆடி முடித்தாள். அடுத்தது அதற்குப் பிறகு வந்த போட்டி. நாரை நன்றாக ஆடி, கைகளை விரித்துச் சிரித்தாள்.

"நிறுத்து" என்றாள் அண்ணி.

படம் நின்றது. அண்ணி எழுந்து போய் டிவிக்கு முன்னால் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றாள். பின்னால் போகச் சொன்னாள், முன்னால் வரச் சொன்னாள், மறுபடி பின்னால் போகச் சொன்னாள். நாத்தனார் ரிமோட்டோடு மல்லுக்கட்டினாள்.

"இடது பக்க முன்பல்லு. அது பொய்ப்பல்லு."

"ஆமா. அன்னைக்கு விழுந்ததுல உடைஞ்சிடுச்சு. பேப்பர்ல கூட வந்துச்சே."

"எனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான் தண்ணி குடிக்கப் போயிட்டீங்களே அண்ணி."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் பட்டறையில் தலைக்கு மேல் மாட்டி வைத்திருக்கிறாள். பிறவிப் பல் என்றால் இதுதான் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் அடித்துச் சொல்லியிருக்கிறாள். கை வைத்துச் செய்ததில் இந்தக் களை வராது என்று எத்தனை பேரை ஏக்கத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். அது யாரோ செய்த பல். எங்கேயோ ஒரு பட்டறையில், யாரோ ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு மெழுகில் நட்டது. தொழிலில் ஊறிய கண்ணையே இத்தனை வருஷம் ஏமாற்றிய வேலை.

பிறகு சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதலாளியிடம் என்ன சொல்வது என்று நினைத்தால் இன்னும் வந்தது. நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எங்கே சிரிப்பு முடிந்து எங்கே நாரைக்கான அழுகை ஆரம்பித்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த இரண்டும் ஒன்றாக வந்து தீர்ந்தன.

"நல்லா செஞ்சிருக்கான் பாவி" என்றாள் அண்ணி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "யாருன்னு தெரிஞ்சா கையைப் பிடிச்சுப் பார்ப்பேன்."

டிவி தானாக அணைந்துபோனது. இந்த இடத்தில்தான் வழக்கமாக யாராவது ஒருத்தி, அடுத்து யார் வர்றா என்று கேட்பாள். இப்போது அடுத்து யாரும் வரப் போவதில்லை. அண்ணி இரண்டு காலி டம்ளர்களையும் எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாள்.

நாத்தனார்தான் முதலில் வாய் திறந்தாள். இடது கண்ணில் சில மாதமாகப் புகை மாதிரி இருக்கிறது என்றாள். சாயங்கால வெளிச்சத்தில் சைக்கிள்காரர்கள் திடீரென்று முளைத்தது போல் வருகிறார்கள். டிப்போவில் கண் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம், போகாவிட்டால் யார் மேலாவது ஏற்றிவிடுவேனோ என்று அதைவிடப் பயம். வீட்டில் சொல்லவில்லை. அண்ணன் கேட்டால் கூச்சல் போடுவான். அவனுடைய புது மனைவி நல்ல பெண்தான், ஆனால் அவளிடம் போய் எப்படிச் சொல்வது? அவளை இன்னமும் "ஏங்க" என்றுதான் கூப்பிடுவதாகச் சொன்னாள். வேறு மாதிரி கூப்பிட வாய் வரவில்லையாம்.

அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள். போனில் அத்தனை வருஷம் கேட்ட அதே குரல்தான். ஆனால் முதன்முறையாக அது தன்னைப் பற்றிப் பேசியது.

"அண்ணன் விஷயத்துல கூட" என்று நாத்தனார் மெல்ல ஆரம்பித்தாள், "எனக்கு முன்னாடியே கொஞ்சம் தெரியும். நான்தான் உங்ககிட்ட..."

"அது பெரிய பேச்சு" என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. "நீ காலைல சீக்கிரம் வண்டி எடுக்கணும். இன்னொரு நாள் பேசலாம்."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. இன்னொரு நாள். அப்படி ஒரு நாள் அவர்களிடம் இருந்ததே கிடையாது. எப்போது பேசுவது என்பதை எங்கேயோ ஒரு ஸ்கேட்டிங் சங்கத்து அலுவலகத்தில் யாரோ போட்ட போட்டி அட்டவணைதான் இத்தனை காலமும் முடிவு செய்துகொண்டிருந்தது.

நாத்தனார் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, மறுசெருப்பைக் காலால் தேடியபடி கேட்டாள். "எந்த நாள்?"

"நீ சொல்லு."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை வேண்டாம். அன்னைக்கு வந்தா நாரைக்காக வந்த மாதிரி இருக்கும்."

நாத்தனார் அதை யோசித்துப் பார்த்து, சரிதான் என்று தலையாட்டினாள். "வியாழன், வெள்ளி எனக்கு மதிய ஷிப்ட். அடுத்த புதன் லீவு. ஆனா அன்னைக்குத்தான் அந்தக் கண் டெஸ்ட். போகலாமா வேண்டாமான்னு இருக்கேன்."

"அப்போ புதன்."

"அன்னைக்கு டெஸ்ட் அண்ணி."

"அதான் சொல்றேன். நானும் வரேன். நீ உள்ள போய்ப் பாரு, நான் வெளிய உட்கார்ந்திருக்கேன். முடிஞ்சதும் இங்க வந்து பேசலாம். அது எப்படி முடிஞ்சாலும் பேசலாம்."

"உங்க வேலை?"

"அந்தத் தாடைங்களுக்கு இன்னும் காலு முளைக்கல. நான் வர்ற வரைக்கும் பல்லைக் காட்டிட்டு அங்கேயேதான் இருக்கும்."

நாத்தனாரின் முகத்தில் வெகுநாளாக இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. மறுசெருப்பு அகப்பட்டது. அண்ணி அவளோடு மாடிப்படி வரைக்கும் வந்தாள். கண் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸில் போவது என்று கேட்டாள். நாத்தனார் வண்டி எண்ணைச் சொல்லி, எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்றெல்லாம் விவரமாகச் சொன்னாள். அன்றைக்கு ஓட்டப் போகிறவன் ஒரு முரடன், பிரேக்கைக் கண்டபடி போடுவான், கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் எச்சரித்தாள்.

பாதிப் படி இறங்கியவள் நின்று, தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"அண்ணி, ஜன்னல் சீட்டு எனக்கு. நான் பஸ்ல வேடிக்கை பார்த்துட்டுப் போய் ரொம்ப வருஷமாச்சு."

"எடுத்துக்கோ" என்றாள் அண்ணி. "ஆனா பாதி வழியில மாத்திக்கணும்."